பாட்டுப் பெட்டியும் ஸ்டிக்கர் பொட்டும்

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் பென்ஷன், டி.ஏ., சர்க்கரை அளவு என்று பேச்சு போகும். சமீப காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "பரண் மேலே பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சும்மா கிடக்கு. பென் டிரைவில் இருக்கிற பாட்டை அதில் போட முடியுமா?" என்று கேட்கிறார்கள்.

தாராளமாக முடியும். ஆனால் பாட்டு நம் வீட்டில் இருப்பது வேறு, கேட்க ஆசைப்படுகிறவர் கைக்கு அது எட்டுவது வேறு. முதலாவதற்குச் சில நூறு ரூபாய் போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டையும் எங்கள் வீட்டில் எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவும்.

எங்கள் வீட்டில் கேட்க ஆசைப்படுகிறவர் என் மனைவி. சோழவந்தான்காரர். இருபது வருஷச் சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது. லேசர், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது வெளிச்சம் தெரியும், எதிரே நிற்பது ஆள் என்று தெரியும். எழுத்து தெரியாது. செல்போன் அவருக்கு ஒரு கண்ணாடித் துண்டுதான். எங்கே தொட்டாலும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கும். விரலுக்கு அடையாளம் கிடையாது. டேப் ரிக்கார்டர் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கேஸட்டைச் செருகி, பொத்தானை அமுக்கினால் 'டக்' என்று விழும். இருட்டில்கூடப் போடலாம்.

ஒரு நாள் நான் பேங்க் வேலை முடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். "என்ன செய்தாய்?" என்று கேட்டேன். "நீங்க வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேங்க" என்றார். வீட்டில் ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கிறது, அத்தனையும் என் லாப்டாப்பில். நான் வந்து தட்டினால்தான் பாடும். அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மகன் வெளியூரிலிருந்து வந்தபோது, பேசினால் பாடும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வைத்தான். நல்ல சாமான்தான். இன்டர்நெட் இருக்கும்வரை பாடும். கரண்ட் போய் வந்த பிறகு நெட் வர நேரமானால் அதுவும் ஊமை. மேலும், 'மதுரை சோமு' என்று இவர் கேட்டால் அது வேறு எதையாவது பாடும். 2017இல் வந்த சரிகம நிறுவனத்தின் கார்வான் பெட்டியையும் யோசித்தோம். பழைய ரேடியோ மாதிரி திருகு வைத்தது, ஆயிரக்கணக்கான பாட்டை உள்ளேயே பதித்து வருவது. வயதானவர்களுக்கு ஏற்ற பெட்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் மனைவி முதலில் கேட்ட பாட்டு எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது. அது அவருடைய அப்பா பாடியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெட்டி. பாட்டு ஃபைல் என்பது வெறும் எண் வரிசை. சி.டி. தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 தடவை ஒலி அலையின் உயரத்தை அளந்து எழுதுகிறார்கள், இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. அப்படியே வைத்தால் ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்.பி. வேண்டும். ஜெர்மனியில் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தார் மனிதக் காது எதைக் கவனிக்காதோ அதைக் கழித்துவிட்டு எழுதும் வழியை உருவாக்கினார்கள். 1995 ஜூலையில் அதற்கு வைத்த பெயர்தான் எம்.பி.3. சாதாரணத் தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. போதும். 16 ஜி.பி. பென் டிரைவில், ஐந்து நிமிஷப் பாட்டாகக் கணக்குப் போட்டால் மூவாயிரம் பாட்டுக்கு மேல் அடங்கும். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடினால் பெரிது. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த எண்களை மறுபடி மின்சார அலையாக மாற்ற ஒரு சில்லு வேண்டும். அது ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் லாப்டாப்புக்குள்ளும் இருக்கிறது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து, மறுமுனையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை முனைகளை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் செருகினால் வேலை முடிந்தது. ஆக்ஸ் அல்லது டேப் என்று எழுதிய துளையில் செருக வேண்டும். ஃபோனோ என்று எழுதிய துளை இசைத்தட்டுக்கு மட்டுமே உரியது. அது மெல்லிய சத்தத்தைப் பல மடங்கு பெருக்கும், பாட்டு கரகரவென்று கெட்டுவிடும். செல்போனில் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை ஆம்ப்ளிஃபயர் திருகில் கூட்டிக் குறையுங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தால் லாப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

என்னுடைய ஆம்ப்ளிஃபயர் நான்காவது சம்பளக் கமிஷன் அரியர்ஸில் வாங்கியது. இன்றும் நன்றாகப் பாடுகிறது. அதில் பென் டிரைவ் செருக வழியில்லை. எங்கள் கோச்சடையில் ஒரு பையன் ரேடியோ செட் போடுகிறான். கோயில் விசேஷத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுகிறவன். அவனிடம் கேட்டேன். "ஐயா, இதுக்குப் போயி யோசிக்கிறீங்களே! நாங்க கொழாய்க்குப் போடுறதும் இதுதான்யா" என்று உள்ளங்கையளவு ஒரு போர்டைக் கொண்டுவந்து காட்டினான். பென் டிரைவ் செருக ஒரு துளை, நாலைந்து பொத்தான், தீப்பெட்டி அளவு ரிமோட். அவன் அப்பா காலத்தில் தட்டு, பிறகு கேஸட், பிறகு சி.டி., இப்போது இது. குழாய் மட்டும் அப்படியே இருக்கிறதாம். அந்தப் போர்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து ஆக்ஸில் இணைத்துக் கொடுத்தான். ப்ளூடூத்தும் அதில் உண்டு. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பாட்டு நடுவில் போன் வந்தால் கச்சேரி நின்றுபோய் மணியடிக்கும்.

இனி அந்தக் கேஸட். என் மாமனார் சுருதிப் பெட்டி வைத்துக்கொண்டு சாயங்காலம் திருப்புகழ் பாடுவார். மேடை ஏறியவர் அல்லர். 1983இல் ஒரு நாள் மைத்துனர் தன்னுடைய டூ-இன்-ஒன்னில் அதைப் பதிவு செய்தார். அறுபது நிமிஷக் கேஸட், ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. உறையின் மேல் 'அப்பா' என்று பேனாவால் எழுதியிருந்தது. அவர் போய் முப்பது வருஷமாகிறது.

பழைய கேஸட்டை எடுத்தவுடன் ஓட விடக் கூடாது. நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் முழுக்க ஒரு தடவை சுற்றித் தளர்த்த வேண்டும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது, தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்க வேண்டும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பாட்டை ஏற்ற யு.எஸ்.பி.யில் செருகும் சின்னக் கருவி கிடைக்கிறது. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். குறுக்கு வழி கிடையாது, அரை மணி நேரப் பாட்டை ஏற்ற அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

ஏற்றி முடித்துப் போட்டுக் காட்டினேன். மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். "இது அப்பா இல்லீங்க" என்றார். "பாட்டு அப்பாவோடது. குரல் அப்பாவோடது இல்ல. அப்பா இப்படிக் கீச்சுனு பாட மாட்டார். அவசரமும் பட மாட்டார்."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் காதை நம்பினேன். டெக்கில் வேறு கேஸட்டுகள் சரியாகவே ஓடின. மைத்துனரைப் போனில் கேட்டேன். "அன்னைக்குக் கரண்ட் இல்ல மாப்பிள்ளை. பாட்டரியிலதான் பதிஞ்சேன்" என்றார். விஷயம் புரிந்தது. பாட்டரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடியபோது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் விரையும், குரலும் மேலே ஏறும். பாட்டரி இறங்க இறங்க, பதிவின் பின்பகுதியில் ஏற்றமும் அதிகமாகும்.

எவ்வளவு குறைப்பது? சாட்சி ஒன்று இருந்தது. மாமனாரின் சுருதிப் பெட்டி இன்னும் சோழவந்தான் வீட்டில் இருக்கிறது. மைத்துனர் அதைத் துணிப்பையில் வைத்து மேலக்கால் வழிப் பஸ்ஸில் கொண்டுவந்தார். அண்ணனும் தங்கையும் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் துருத்தியை அமுக்க, நான் கேஸட் பதிவைப் போட்டேன். தொடக்கத்திலேயே பெட்டியைவிடப் பதிவு அரைக் கட்டை மேலே நின்றது. அரைக் கட்டை என்பது வேகக் கணக்கில் ஏறத்தாழ ஆறு சதவீதம். பதிவை ஐந்து ஐந்து நிமிஷத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பெட்டியோடு சேரும்வரை வேகம் குறைத்தோம். கடைசித் துண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தது, முடிய ராத்திரி எட்டாயிற்று. முழுசாகப் போட்டபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. பாட்டு நடுவில் மாமனார் ஒரு தடவை இருமுகிறார். அப்போது மட்டும், "இது அப்பாதான்" என்றார்.

இது ஏதோ நம் வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'ஓ க்லேர் த லா லூன்' என்ற சின்னப் பாட்டை வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடியிருக்கிறோம், 'நிலா வெளிச்சத்தில்' என்று தொடங்கும் நாட்டுப்பாட்டு. உலகத்தில் முதல்முதலாகப் பதிந்து இன்று நாம் கேட்க முடிகிற பாட்டு அதுதான். பாரிஸில் அச்சுத் தொழில் செய்த எதுவார் ஸ்காட் த மார்த்தென்வில் என்பவர், விளக்குக் கரி பூசிய காகிதத்தில் குரலின் அதிர்வைக் கோடாகக் கீறும் கருவியை 1857இல் செய்தார். 1860இல் அதில் அந்தப் பாட்டைப் பதிந்தார். எடிசன் ஃபோனோகிராஃப் வருவதற்குப் பதினேழு வருஷம் முன்பு! ஆனால் அது கண்ணால் பார்க்க மட்டுமே. அந்தக் கோட்டைத் திரும்பப் பாட வைக்க அவரிடம் வழியில்லை, அந்த நினைப்பும் அவருக்கு இல்லை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காகிதத்தைப் படம் பிடித்து, கோட்டைக் கம்ப்யூட்டரில் எண்களாக்கி ஒலிக்க வைத்தார்கள். ஒரு பெண் குரல் கேட்டதாக உலகமே நினைத்தது. அடுத்த வருஷம் கணக்கைச் சரிபார்த்தால், இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். வேகத்தைப் பாதியாக்கியதும் ஓர் ஆண் மெல்லப் பாடுவது கேட்டது. ஸ்காட்டே பாடியதாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் காகிதத்தில் தம் குரலோடு இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் கூடவே பதிந்து வைத்திருந்தார். வேகத்தைக் கணக்கிட அதுதான் உதவியது. எங்களுக்குச் சுருதிப் பெட்டி, அவர்களுக்கு இசைக்கவை.

அடுத்தது ஒழுங்கு. இங்கேதான் என் முப்பத்தைந்து வருஷக் குமாஸ்தா உத்தியோகம் கைகொடுத்தது. பிரெஞ்சில் கம்ப்யூட்டர் ஃபைலுக்கு 'ஃபிஷியே' என்று பெயர். 'ஃபிஷ்' என்றால் குறிப்பு எழுதிய அட்டை. அந்த அட்டைகளை அகர வரிசையில் அடுக்கிய இழுப்பறைதான் பழைய காலத்து ஃபிஷியே. பெயரிலேயே அடுக்கு இருக்கிறது. ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்பர் போடாத கட்டும் தொலைந்துபோன கட்டும் ஒன்றுதான்.

இந்த மாதிரி மலிவுப் போர்டுகளில் பல, ஃபைல் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில்தான் பாடும். ஆகவே 001, 002 என்று நம்பர் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்ய வேண்டும். பென் டிரைவை முதலில் ஃபேட்-32 முறையில் ஃபார்மட் செய்துகொள்வது நல்லது. கலைத்துப் போட்டுப் பாடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வர்ணத்துக்கு முன்னால் மங்களம் வந்தால் கச்சேரியா அது? கச்சேரியைத் துண்டு ஃபைல்களாக வைத்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கிற இடத்தில் ஒரு நொடி வெட்டு விழும். இரண்டையும் ஒட்டி ஒரே ஃபைலாக்கிவிட்டேன்.

எழுபது பாட்டுக்கு மேல் போடவில்லை. மூவாயிரம் அடங்கும் இடத்தில் எழுபதா என்று மகன் சிரித்தான். ரிமோட்டில் நம்பரை அமுக்கினால் அந்த நம்பர் பாட்டு வரும். மனைவியால் நினைவில் வைத்துக்கொள்ள முடிகிற அளவுதான் கணக்கு. 1 முதல் 10 வரை எம்.எஸ். அவர் மதுரையில் பிறந்தவர், ஆகவே முதல் மரியாதை. 11இலிருந்து மதுரை மணி ஐயர், 21இலிருந்து சோமு, 31இலிருந்து டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டுகள். 41இலிருந்து 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாதஸ்வரம் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 51இலிருந்து சினிமா. 61 முதல் மாமனார், ஆறு துண்டு. மிச்ச இடம் காலி.

ஒவ்வொரு பத்தின் முதல் ஃபைலும் என் குரல்தான். 'இனி மணி ஐயர்' என்று மூன்று விநாடி. போர்டில் சிவப்பு எழுத்தில் நம்பர் தெரியும், ஆனால் அது அவருக்கு உதவாது. காதில் சொன்னால்தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று புரியும். செல்போனிலேயே பேசிப் பதிந்தேன். கேட்டுவிட்டு, "உங்க குரலும் இதுல இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும்" என்றேன். இரண்டு பேரும் அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

கடைசியாக ரிமோட். அதன் பொத்தான்களும் வழவழதான். மனைவியே வழி கண்டுபிடித்தார். ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வரச் சொன்னார், கல் வைத்தது. நடு எண்ணான ஐந்தின் மேல் ஒன்று, பாட வைக்கும் பொத்தான் மேல் ஒன்று, சத்தம் கூட்டும் பொத்தான் மேல் சின்னதாக ஒன்று. ஐந்தைத் தொட்டால் மற்ற எண்கள் எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். வியர்வையில் மாதம் ஒரு தடவை உரிகிறது. வேறு ஒட்டினால் போயிற்று.

சேமிப்பு பற்றி ஒரு வார்த்தை. பென் டிரைவ் ஒரு நாள் சொல்லாமல் சாகும். அதே வரிசையில் காப்பி செய்த இன்னொன்று பூஜை அலமாரியில் இருக்கிறது. மாமனார் பதிவை மட்டும் எதையும் கழிக்காத ஃப்ளாக் முறையில் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மகன் வீட்டில் ஒன்று, மைத்துனரிடம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். எம்.எஸ்.ஸையும் டி.எம்.எஸ்.ஸையும் உலகம் காப்பாற்றும். 'அப்பா' என்று எழுதிய கேஸட்டுக்கு நம்மை விட்டால் ஆளில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிட வேண்டும். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலக்கால் ரோடு வரை நடந்து, காய்கறி வாங்கி, டீ குடித்து, வேண்டுமென்றே ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. 23ஆம் நம்பர், சோமு. சத்தம் கொஞ்சம் அதிகம்தான். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை.